எது நாடு? யார் சொல்வது?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலை முன்னிட்டு நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாசம் எங்கட தமிழ்ப் பாடசாலையில் பொது அறிவுப் போட்டி ஒன்று நடந்தது. ஊரிலே பூமிசாத்திரம் படிப்பித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை நடுவராக இருத்திவிட்டார்கள். ஒரு கேள்வி: "உலகத்தில் எத்தனை நாடுகள் உள்ளன?" முதலாவது பிள்ளை 193 என்றது. இரண்டாவது பிள்ளை 195 என்றது. மூன்றாவது ஒரு பொடியன், விளையாட்டு ஒன்றும் விடாமல் பார்க்கிறவன், 206 என்றான். என்னிடம் தந்த விடைத்தாளில் 193 என்று இருந்தது. நான் முதல் பிள்ளைக்குப் புள்ளி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

போட்டி முடிய அந்தப் பொடியனின் தகப்பன் வந்தார். "மாஸ்ரர், என்ரை பிள்ளை சொன்னது பிழை எண்டு எந்தப் புத்தகத்திலை கிடக்கு?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதுதான் உண்மை. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினர் 193. அங்கே வாக்கில்லாமல் பார்வையாளராக இருக்கும் வத்திக்கானையும் பலஸ்தீனத்தையும் சேர்த்தால் 195. ஒலிம்பிக் குழு வைத்திருப்பவை 206. உலக உதைபந்தாட்டச் சங்கத்தைக் கேட்டால் 211 என்று சொல்லும். எது நாடு, எது நாடில்லை என்று முடிவாகச் சொல்ல உலகத்தில் ஒரு கந்தோரும் இல்லை.

அன்றைக்கு அந்தத் தகப்பனுக்குச் சரியாக மறுமொழி சொல்ல முடியாமற் போய்விட்டது. ஆகவே இன்றைக்கு அதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலிலே ஐ.நா. சபையைப் பார்ப்போம். "ஐ.நா.விலே இருந்தால் நாடு, இல்லாவிட்டால் நாடில்லை" என்று எங்களில் கனபேர் நினைக்கிறோம். அப்படியென்றால் சுவிற்சர்லாந்து எப்போது நாடானது? அது ஐ.நா.விலே சேர்ந்தது 2002 செப்ரெம்பரில். 1986 இல் மக்களிடம் கேட்டபோது வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2002 இல்தான் ஓம் என்றார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கே போய் அகதி அந்தஸ்துக் கேட்ட எங்கட பொடியள், நாடில்லாத இடத்திலா கேட்டார்கள்?

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இலங்கையையே எடுங்கோ. 1948 மாசி 4ஆம் திகதி சுதந்திரம். ஐ.நா. உறுப்புரிமை கிடைத்தது 1955 டிசெம்பர் 14ஆம் திகதி. இடையிலே ஏழு வருடத்துக்கு மேல். ஏன்? இது உண்மையான சுதந்திர நாடில்லை, பிரித்தானியப் படைத்தளங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன என்று சொல்லி சோவியத் யூனியன் வீற்றோ போட்டது. அந்தக் காலத்தில் வல்லரசுகள் இரண்டும் ஒன்றன் ஆட்களை மற்றது உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு நின்றன. கடைசியில் பேரம் பேசி 16 நாடுகளை ஒரே நாளில் உள்ளே எடுத்தார்கள். அதில் ஒன்றுதான் இலங்கை.

ஐ.நா. வாசலிலே நடப்பது இதுதான். பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பினரில் 9 பேர் ஓம் என்று சொல்லவேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவரும் வீற்றோ போடக்கூடாது. அதற்குப் பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இது ஒரு சங்கத்தில் அங்கத்தவராகச் சேருவது போன்றது. சங்கத்தில் சேர்க்கவில்லை என்பதற்காக ஆள் பிறக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் சட்டம் என்ன சொல்கிறது? 1933 டிசெம்பர் 26ஆம் திகதி, தென்னமெரிக்காவிலே உருகுவே நாட்டின் தலைநகர் மொன்ரிவிடியோவில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடி ஒரு உடன்படிக்கை செய்தன. அதிலே ஒரு நாட்டுக்கு நான்கு இலட்சணம் சொன்னார்கள். நிலையாக வாழும் மக்கள் வேண்டும். குறித்த நிலப்பரப்பு வேண்டும். அரசாங்கம் வேண்டும். மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் சனம், காணி, நிர்வாகம், அயலோடு பேசும் தகுதி. அதே உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஒரு நாடு நாடாக இருப்பது மற்ற நாடுகள் அதை அங்கீகரிப்பதிலே தங்கியிருக்கவில்லை.

வாசிக்க நல்ல வடிவாய்த்தான் இருக்கிறது. ஆனால் உலகம் அப்படி நடப்பதில்லை. இதிலே சட்டம் படித்தவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். எங்களுக்கு விளங்கக்கூடிய ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

ஊரிலே ஐயர் வந்து, தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டு ஒரு கலியாணம் நடந்தது. பிறகு மாப்பிள்ளை இங்கே அகதியாக வந்துவிட்டார். மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போடுகிறார். "பதிவுப் பத்திரம் எங்கே?" என்று குடிவரவுக் கந்தோரில் கேட்கிறார்கள். பதிவு செய்யவில்லை, அல்லது செய்த பத்திரம் வீட்டோடு எரிந்துவிட்டது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தக் கஷ்டத்தைக் கண்டவர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கட்சி சொல்கிறது: கலியாணம் நடந்தது நடந்ததுதான், பத்திரம் அதற்கு ஒரு சாட்சி மட்டுமே. மற்றக் கட்சி சொல்கிறது: பத்திரம் இல்லாவிட்டால் எங்கள் கணக்கிலே கலியாணமே இல்லை. நாடுகள் விஷயத்திலும் இதே வழக்குத்தான். நாடாக இருப்பது ஒன்று. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு ஏற்பது இன்னொன்று.

கலியாணம் நடந்தும் பத்திரம் கிடையாமல் முப்பது வருடத்துக்கு மேலாக நிற்கும் ஒரு இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே மொழி வகுப்பிலே எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு சோமாலியர் இருந்தார். நான் அவரைச் சோமாலியா ஆள் என்று சொன்னபோது திருத்தினார். "சோமாலியா இல்லை, சோமாலிலாந்து. எங்கட ஊர் ஹார்கெய்சா." அவரின் வதிவிட அட்டையில் சோமாலியா என்றுதான் அடித்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் பெயரைப் பிழையாக எழுதினதுபோல இருக்கிறது என்பார்.

ஆபிரிக்காவின் கொம்பு என்று சொல்லும் பகுதியிலே வடக்குப் பக்கம் பிரித்தானியரிடமும் தெற்குப் பக்கம் இத்தாலியரிடமும் இருந்தன. பிரித்தானியப் பகுதி 1960 ஆனி 26ஆம் திகதி தனி நாடாகச் சுதந்திரம் பெற்றது. ஐந்தே நாள். ஆடி 1ஆம் திகதி தெற்கோடு விரும்பிச் சேர்ந்து சோமாலியா என்ற ஒரே நாடாகியது. எல்லாச் சோமாலியரும் ஒரு கொடியின் கீழ் வரவேண்டும் என்ற ஆசை. ஆனால் தலைநகரும் பதவிகளும் தெற்கே போய்விட்டன. 1969 இல் சியாட் பாரே என்ற இராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்தார். வடக்கில் கிளர்ச்சி பெருத்தது. 1988 இல் அவரின் படை ஹார்கெய்சாவைக் குண்டு போட்டு நொறுக்கியது. அதிலே ஒரு விஷயம் கேளுங்கோ. குண்டு போட்ட விமானங்கள் வெளியிலிருந்து வரவில்லை. ஹார்கெய்சா விமான நிலையத்திலேயே ஏறி, அதே ஹார்கெய்சாவுக்கு மேலே குண்டைப் போட்டுவிட்டு, திரும்ப அங்கேயே இறங்கின. சனம் இலட்சக்கணக்கில் எதியோப்பிய எல்லை கடந்து முகாம்களுக்கு ஓடியது. விழுந்த ஒரு மிக் விமானத்தை இன்றைக்கும் நகரத்தின் நடுவில் நினைவுச் சின்னமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

1991 தையில் சியாட் பாரே ஓடினார். அதே வருடம் வைகாசி 18ஆம் திகதி வடக்குத் தன்னைத் தனி நாடாகப் பிரகடனம் செய்தது. குலத் தலைவர்கள் மாசக்கணக்காக மரத்தடிகளிலும் மண்டபங்களிலும் இருந்து பேசி ஆயுதக் குழுக்களைச் சமாதானம் செய்தார்கள். தங்கள் நாணயம், தங்கள் பொலிஸ், தங்கள் பாஸ்போட், தங்கள் தேர்தல். 2003 இல் நடந்த சனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் வாக்கில் வெற்றிக்கும் தோல்விக்கும் அறிவித்த வித்தியாசம் 80 வாக்கு. எண்பதே எண்பது! தோற்றவர் நீதிமன்றம் போனார், துவக்குத் தூக்கவில்லை. அடுத்த தேர்தலில், 2010 இல், அவரே வென்றார். 2024 கார்த்திகையிலும் எதிர்க்கட்சி வென்று ஆட்சி அமைதியாகக் கைமாறியது.

இப்போது தெற்கைப் பாருங்கோ. 1991 க்குப் பிறகு மொகடிசுவில் பல வருடம் நாட்டை ஆளக்கூடிய ஒரு அரசாங்கம் இருக்கவில்லை. சண்டைத் தலைவர்கள் தெருத்தெருவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மொன்ரிவிடியோவின் மூன்றாவது இலட்சணம், அரசாங்கம், அங்கே இல்லை. ஆனாலும் சோமாலியாவின் ஐ.நா. உறுப்புரிமை ஒரு நாளும் போகவில்லை. வடக்கிலே நாலு இலட்சணமும் இருந்தும் ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றேனும் 34 வருடமாக அங்கீகரிக்கவில்லை. 2025 டிசெம்பர் 26ஆம் திகதிதான் முதல் முதலாக இஸ்ரேல் அங்கீகரித்தது. மொன்ரிவிடியோ உடன்படிக்கைக்குச் சரியாக 92 வருடம்! அதையும் சோமாலியாவும் ஆபிரிக்க ஒன்றியமும் உடனே கண்டித்தன. எங்கட வகுப்பு நண்பர் முன்பு ஒருநாள் சொன்னதை நினைத்துக்கொள்கிறேன்: "வீடு கட்டி முடிச்சிட்டம் ஐயா. இலக்கத்தகடு தரத்தான் ஆளில்லை."

இலக்கத்தகடு இல்லாவிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் நேரே கடன் கொடுக்கா. பாஸ்போட்டைக் கனக்க நாடுகள் ஏற்கா. வெளியிலே இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசிலேதான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. இதை நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஏன் மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் இல்லை? சோமாலிலாந்தில் குறை கண்டு அல்ல, தங்கள் வீட்டை நினைத்து. 1964 இல் கெய்ரோவில் கூடிய ஆபிரிக்க நாடுகள், சுதந்திரம் கிடைத்த நாளில் இருந்த எல்லைகளை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தன. வெள்ளைக்காரன் அடிமட்டம் வைத்துக் கீறின கோடுகள்தான். ஆனால் ஒன்றைத் தொட்டால் எல்லாம் அவிழும் என்ற பயம். நாங்கள் கேட்பதும் 1960 இல் இருந்த பழைய எல்லைதானே என்று சோமாலிலாந்துக்காரர் வாதாடுகிறார்கள். நியாயமான வாதம். ஆனாலும் பயம் விடவில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். கொசோவோ 2008 மாசி 17ஆம் திகதி சேர்பியாவிலிருந்து பிரிந்து பிரகடனம் செய்தது. அமெரிக்காவும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளும் அங்கீகரித்தன. ஐரோப்பிய ஒன்றியத்திலே ஐந்து நாடுகள் மட்டும் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை: ஸ்பெயின், கிறீஸ், சைப்பிரஸ், ருமேனியா, சிலோவாக்கியா. ஸ்பெயினுக்குக் கற்றலோனியா. சைப்பிரசுக்கு வடக்கு. ருமேனியாவிலும் சிலோவாக்கியாவிலும் ஹங்கேரிய மொழி பேசும் மக்கள். ஆளாளுக்கு வீட்டுக்குள் ஒரு பயம். 2010 ஆடியில் சர்வதேச நீதிமன்றம், கொசோவோவின் பிரகடனம் சர்வதேச சட்டத்தை மீறவில்லை என்று அபிப்பிராயம் சொன்னது. சனம் பெரிதாகக் கொண்டாடியது. ஆனால் தீர்ப்பைக் கவனமாக வாசித்தால், கொசோவோ ஒரு நாடா இல்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் கிட்டவும் போகவில்லை. பிரகடனம் செய்வது குற்றமில்லை என்றது, அவ்வளவுதான். எத்தனை நாடுகள் அங்கீகரித்தன என்ற தொகையிலேகூட கொசோவோ ஒரு கணக்கும் சேர்பியா ஒரு கணக்கும் சொல்கின்றன.

இந்தச் சண்டைகளின் நடுவில் சாதாரண சனம் எப்படிச் சீவிக்கிறது என்று பாருங்கோ. மஜ்லிண்டா கெல்மெண்டி என்ற கொசோவோப் பிள்ளை யூடோ வீராங்கனை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அல்பேனியாவின் கொடியோடு விளையாடவேண்டி வந்தது. 2016 ரியோவில்தான் தன் கொடியோடு போனாள், தங்கமும் எடுத்தாள். வட சைப்பிரசுக்குக் கடிதம் போடவேண்டுமானால் முகவரியில் "மெர்சின் 10, துருக்கி" என்று எழுதவேண்டும். மெர்சின் என்பது கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள துருக்கி நகரம். இல்லாத ஒரு முகவரியால்தான் இருக்கிற வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேருகிறது. தாய்வானிலே இரண்டு கோடி முப்பது இலட்சம் சனம். உலகத்துக்குக் கணினிச் சில்லுகள் செய்து கொடுக்கும் இடம். 1971 இல் சீனாவுக்குரிய ஐ.நா. ஆசனம் பீக்கிங்குக்குப் போனபிறகு தாய்வான் வெளியிலே. 2024 தையில் நவுறு விலகியபோது அங்கீகரிக்கும் நாடுகள் பன்னிரண்டாகக் குறைந்தன. ஒலிம்பிக்கில் இன்றும் "சீனத் தாய்ப்பே" என்ற பெயரில்தான் நடக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பலஸ்தீனம். 150 க்கு மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்துவிட்டன. 2025 செப்ரெம்பரில் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனால் தன் எல்லையைத் தானே திறந்து மூட அதிகாரமில்லை. முழு உறுப்புரிமை கேட்ட விண்ணப்பத்துக்கு 2024 சித்திரையில் அமெரிக்கா வீற்றோ போட்டது. ஒரு இடத்தில் வீடு உண்டு, இலக்கத்தகடு இல்லை. மற்ற இடத்தில் இலக்கத்தகடு கட்டுக்கட்டாய்க் கிடக்கிறது, வீட்டுத் திறப்பு மற்றவன் கையில்.

அப்படியென்றால் யாருக்குத்தான் கதவு கெதியாய்த் திறந்தது? பழைய வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு. எரித்திரியா முப்பது வருடம் போராடியது. 1993 சித்திரையில் வாக்கெடுப்பு. வெளிநாடுகளில் அகதிகளாக இருந்தவர்களும் வாக்களித்தார்கள். அடிஸ் அபாபாவில் இருந்த புதிய ஆட்சி சம்மதித்தது. வைகாசி 24 இல் சுதந்திரம், 28 இல் ஐ.நா. உறுப்புரிமை. நாலே நாள். தென் சூடானும் அப்படித்தான். 2011 ஆடி 9 இல் சுதந்திரம், 14 இல் 193ஆவது உறுப்பினர். பழைய வீட்டுக்காரன் மறுத்தால் காத்திருக்கவேண்டும். வங்காளதேசம் 1971 இல் தன் நிலத்தை முழுதாக வைத்திருந்தும் 1972 இல் சீனா வீற்றோ போட்டது. 1974 மாசியில் பாகிஸ்தான் அங்கீகரித்தபிறகே, அந்த வருடம் செப்ரெம்பரில் ஐ.நா. கதவு திறந்தது.

அங்கீகாரம் கிடைத்தும் தப்பாதவர்களும் உண்டு. நைஜீரியாவிலிருந்து பிரிந்த பயாப்ராவை தன்சானியா, சாம்பியா, காபோன், ஐவரி கோஸ்ட், கெயிட்டி என ஐந்து நாடுகள் அங்கீகரித்தன. 1967 வைகாசியில் பிறந்தது 1970 தையில் பட்டினியோடு முடிந்தது. நகோர்னோ கரபாக்கிலே ஆர்மேனியர் முப்பது வருடம் தங்கள் ஆட்சியை நடத்தினார்கள். அவர்களைத் தாங்கி நின்ற ஆர்மேனியாகூட அதைச் சட்டப்படி அங்கீகரிக்கவில்லை. 2023 செப்ரெம்பரில் அசர்பைஜான் தாக்கியது. ஒரு நாளிலே சண்டை ஓய்ந்தது. ஒரு கிழமைக்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் ஒற்றைப் பாதையால் கார்களிலும் லொறிகளிலும் வெளியேறியது. தொலைக்காட்சியில் அந்த வாகன வரிசையைப் பார்த்தபோது எங்கட வீட்டிலே ஒருத்தரும் கதைக்கவில்லை. 1995 ஐப்பசி, யாழ்ப்பாணத்திலிருந்து தென்மராட்சிக்கு நாங்கள் நடந்த இரவுதான் எல்லோர் மனதிலும்.

இவ்வளவு நேரமும் நான் ஊர்க்கதை பேசாமல் உலகக்கதை பேசினேன். ஆனால் உங்கள் மனம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். என்னுடைய மனமும் அங்கேதான் நிற்கிறது. வன்னியிலும் ஒரு காலம் நீதிமன்றம் இருந்தது, காவல்துறை இருந்தது, வைப்பகம் இருந்தது. ஒரு நாடும் அங்கீகரிக்கவில்லை. 2009 வைகாசியில் என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.

அதனாலேதான் ஒரு விஷயத்தை இன்றைக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். கொசோவோ பிரகடனம் செய்தபோது எங்கள் ஆட்கள் இனிப்புக் கொடுத்தார்கள். வட சைப்பிரஸ், அப்காசியா பற்றிக் கேட்டால் "அது வேறை கதை" என்கிறோம். ஏன் வேறு கதை என்று எங்களால் சொல்ல முடியவேண்டும். எங்களுக்குப் பிடித்த ஆட்களுக்கு ஒரு முழக்கோலும் பிடிக்காத ஆட்களுக்கு இன்னொரு முழக்கோலும் வைத்தால், வல்லரசுகளைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை.

நான் வாசித்தவற்றிலிருந்து எனக்கு விளங்கிய முழக்கோலைச் சொல்கிறேன். மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்கவேண்டும். இருக்கிறதா? ஏற்கப்பட்டதா? நியாயமா? முதற் கேள்விக்கு மொன்ரிவிடியோவின் நாலு இலட்சணம். இரண்டாவதற்குக் கையெழுத்துக் கணக்கு. மூன்றாவதுதான் கஷ்டம். வட சைப்பிரசின் 1983ஆம் ஆண்டுப் பிரகடனம் செல்லாது என்று பாதுகாப்புச் சபை உடனேயே தீர்மானம் போட்டது. 1974 இல் வெளிநாட்டுப் படை இறங்கிப் பிடித்த நிலத்திலே, அங்கிருந்த கிரேக்க சனம் துரத்தப்பட்ட பிறகு எழுந்தது அது. அப்காசியாவிலிருந்து 1990களின் முற்பகுதியில் இரண்டு இலட்சமளவு ஜோர்ஜியர் வெளியேற்றப்பட்டார்கள். 1991 டிசெம்பரில் ஐரோப்பிய சமூகம் புதிய நாடுகளை அங்கீகரிக்க ஒரு விதி எழுதியபோது, சிறுபான்மையினரின் உரிமைக்கு உத்தரவாதம் வேண்டும் என்று அதிலே சேர்த்தது. ஆகவே முழக்கோலிலே இதுவும் ஒரு அடையாளம்: உன் வேலிக்குள்ளே இருக்கும் வேறு ஆட்களை நீ என்ன செய்தாய்?

இதைக் கொசோவோவிடமும் கேட்கவேண்டும். 1999 க்குப் பிறகு அங்கிருந்து ஓடிய சேர்பியரும் றோமா மக்களும் உண்டு. நான் இவ்வளவு புகழ்ந்த சோமாலிலாந்திடமும் கேட்கவேண்டும். கிழக்கே லாஸ் அனோட் நகரத்துச் சனம் உங்களோடு இருக்க விருப்பமில்லை என்று 2023 இல் எழும்பியபோது பீரங்கிதான் பதில் சொன்னது. கடைசியில் சோமாலிலாந்துப் படை அந்த நகரத்தை விட்டுப் போகவேண்டி வந்தது.

அதே கேள்வியை எங்களிடமும் கேட்கத்தான் வேண்டும். 1990 ஐப்பசியிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. என் வகுப்பில் படித்த பிள்ளைகளும் அதிலே போனார்கள். அடுத்த நாள் வரவு இடாப்பிலே அவர்களின் பெயருக்கு நேரே என்ன போடுவது என்று தெரியாமல் நான் பேனையோடு இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு இந்த மேடையில் சொல்கிறேன். எங்கள் மக்களுக்கு நியாயம் கேட்கும் உரிமை இதனாலே குறையாது. இதை மறைத்துவிட்டுக் கேட்டால்தான் குறையும்.

முழக்கோல் எல்லாருக்கும் ஒன்று என்றால் பெரிய நாடுகளுக்கும் அதுதான். 1948 இலே இலங்கை நாடா இல்லையா என்று வல்லரசுகள் நியூயோர்க்கிலே வாதாடிக்கொண்டிருந்த அதே வருடம், கொழும்பிலே ஒரு பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத்திலே தேயிலைக் கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான தமிழர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போனது. நாடு கணக்கிலே சேர்ந்துவிட்டது. அந்த நாட்டின் ஏற்றுமதியைச் சுமந்த சனம் கணக்கிலே சேரவில்லை. கொடியும் ஆசனமும் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை ஒருக்கால் நினைக்கவேண்டும்.

இதிலே எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்களில் கனபேர் நீல நிறப் பயணப் பத்திரம் ஒன்று வைத்திருந்தோம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி தந்தது. எல்லா நாடுகளுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அதிலே எழுதியிருந்தது. தாயின் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் ரெலிபோனிலே ஒப்பாரி கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கோ. அந்தப் பத்திரத்தை எங்களுக்குத் தந்தவர்கள், எங்களுக்கு நாடு உண்டா இல்லையா என்று கேட்கவில்லை. ஆள் உண்டு, ஆபத்து உண்டு என்று மட்டும் பார்த்தார்கள். நாட்டை அங்கீகரிக்கப் பயப்படும் உலகம் மனிசரையாவது அங்கீகரிக்கலாம். சோமாலிலாந்துக்காரனின் அட்டையிலே அவன் ஊரைச் சரியாக எழுதலாம். கரபாக்கிலிருந்து வந்த கிழவிக்கு அவளின் காணி உறுதி செல்லும் என்று சொல்லலாம். அதற்கு வீற்றோ இல்லை.

மேற்கு சகாரா மக்கள் 1975 தொடக்கம் அல்ஜீரியப் பாலைவனத்திலே, திண்டூப் என்ற இடத்து முகாம்களில் இருக்கிறார்கள். 1976 இல் குடியரசு பிரகடனம் செய்தார்கள்; ஆபிரிக்க ஒன்றியத்திலே அது உறுப்பு நாடு, ஐ.நா.விலே இல்லை. அவர்களின் நிலத்தில் பெரும்பகுதி மொறொக்கோவின் கையில். வாக்கெடுப்பு நடத்த 1991 இல் வந்த ஐ.நா. குழு இன்னும் நடத்தவில்லை. அந்த முகாம்களுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? எல் அயூன், ஸ்மாரா, டாக்லா, அவுசேர்ட். எல்லாம் விட்டுவந்த ஊர்களின் பெயர். முகாமிலே பிறந்து, அந்த ஊரைக் காணாமலே கிழடாகும் பிள்ளைகள், "உன் ஊர் எது?" என்று கேட்டால் பிழையில்லாமல் சொல்கிறார்கள்.

அந்தப் பொடியனின் தகப்பன் இன்றைக்கும் முன்வரிசையில்தான் இருக்கிறார். ஐயா, உங்கள் மகன் சொன்ன 206 பிழையில்லை. 195 உம் பிழையில்லை. 193 உம் பிழையில்லை. கேள்விதான் பிழை. யாருடைய கணக்கின்படி என்று நாங்கள் கேட்டிருக்கவேண்டும். மூன்று பிள்ளைகளுக்கும் புள்ளி போட்டாயிற்று. பரிசுப் புத்தகம் இரண்டு மேலதிகமாக வாங்கச் சங்கத் தலைவர் சம்மதித்துவிட்டார். வருகிற வருடம் கேள்வியை மாற்றுகிறோம்: "ஒரு நாட்டின் பெயரைச் சொல், அதைக் கணக்கிலே சேர்க்காதவர் யார், ஏன் என்றும் சொல்." அதற்கு மறுமொழி சொல்லக்கூடிய பிள்ளை, பெரியவனாகி எங்கே போனாலும் தன் சனத்துக்காக நியாயமாகப் பேசும்.

பிறக்கும் புத்தாண்டு எல்லா வீடுகளிலும் நலமும் நிம்மதியும் தரட்டும். இலக்கத்தகடு இல்லாத வீடுகளிலும்தான்.